பூஜையில் வைக்காத டிஸ்க்

என்னங்க,

இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டுப் பழக்கம். கடிதத்தில் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உங்களுக்காக அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தோற்றம், மறைவு, கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று குடும்பத்தார் பெயர்கள். செயலாளர் போன் பண்ணி, "மேட்டர் நாங்களே போட்டுக்கறோம் மேடம், நீங்க போட்டோ மட்டும் அனுப்புங்க" என்றார். "ஆழ்ந்த வருத்தமெல்லாம் இல்ல சார், கோபந்தான் இருக்கு. அதைப் போடுவீங்களா?" என்று கேட்டேன். பக்கத்தில் யாரிடமோ கேட்டார். அப்புறம், "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களில் உங்கள் தம்பி செல்வமும் இருப்பார். படிக்கட்டும். அவர் முகத்துக்கு நேரே சொல்லாத எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரல் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, கொஞ்சத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஆனால் போனது போனதுதான். போன விஜயதசமி அன்று காலையில், நம் வீட்டு ஹாலில், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் கூடப் பிறந்தவரே அதை அழித்தார். நான் அப்போது அடுப்படியில் அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். வங்காளிப் படம், சீரியல், விளம்பரம் எல்லாவற்றிலும் ஊரார் பேசியதைப் பிடித்து வைத்தவர். ஸ்டுடியோ வேலை இல்லாத நாட்களில் பையில் மைக்கைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். ஹவுராவில் படகுத் துறை, கிடர்பூரில் கப்பல் சங்கு, எங்கள் தெரு மார்க்கெட்டில் மீன் வெட்டும் சத்தம் என்று என்னென்னவோ பிடித்துக்கொண்டு வருவார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் விற்கவில்லை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பார். அவ்வளவுதான் பதில்.

ஒவ்வொன்றையும் தொடங்குவதற்கு முன்னால் மைக்கில் இரண்டு வார்த்தை சொல்லுவார். எந்த இடம், எந்த நேரம், காற்றா, மழையா. அதற்கு ஸ்லேட் என்று பெயராம். நாளெல்லாம் வங்காளியும் இந்தியும் இங்கிலீஷும் பேசுகிற மனுஷர், தனக்கென்று பிடிக்கும் சத்தத்துக்கு மட்டும் தமிழில் ஸ்லேட் சொல்லுவார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். அந்த ஸ்லேட்டைத் தவிர உங்கள் குரல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்களா? "அந்த மைக்ல பேசினா அது என் குரலே இல்ல வசந்தி" என்று ஒரு நாளும் அனுப்பவில்லை. நம் கல்யாண வீடியோவில் ஆதியிலிருந்து அந்தம் வரை நாதஸ்வரம்தான். வீட்டு விசேஷம் எதிலும் நீங்கள் கேமராவுக்கு முன்னால் வந்ததில்லை; ஒரு மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். பிள்ளை குட்டி இருந்திருந்தால் உங்களை மாதிரிப் பேசுகிற ஒரு வாயாவது மிஞ்சியிருக்கும். அதுவும் நமக்கு இல்லை.

நீங்கள் ஆடி மாதம் மெட்ரோ ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போவேன், துணியால் துடைப்பேன், திரும்பிவிடுவேன். குரலைக் கேட்கத் தைரியம் வரவில்லை. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியம் வந்தது. தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, யாரையோ பார்க்கப் போகிற மாதிரி போய் உட்கார்ந்தேன். சுவிட்சைப் போட்டால் நீலத் திரை வந்தது. அணைந்தது. தானே எரிந்தது. மறுபடி நீலத் திரை. எனக்குத் தைரியம் வந்த அன்றைக்கு அதற்கு உயிர் வரவில்லை.

செல்வத்துக்குப் போன் செய்தேன். ஹவுராவில் அவர் ஸ்டோர்ஸ் பார்க்கிற பட்டறையில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். வந்து பார்த்தார். "விண்டோஸ் போயிருச்சு மதினி. உள்ள இருக்கிற சாமானுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. புதுசா போட்டாச் சரியாயிரும்" என்றார். அதுவரைக்கும் அவர் சொன்னது அத்தனையும் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மாலை நீங்கள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்காருவீர்கள். கம்ப்யூட்டரைத் திறந்து, ரெக்கார்டிங் எல்லாம் இருக்கிற பெரிய டிஸ்க்கை வெளியே எடுத்து, மைக், ஹெட்போனோடு சேர்த்து மணைப்பலகையில் பட்டுத் துணி விரித்து வைப்பீர்கள். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. "அந்த ஓட்டைல படாம வை, மூச்சு விடுற ஓட்டை அது" என்று வருஷா வருஷம் சொல்லுவீர்கள். சாமி கும்பிடும்போது கூட உங்கள் கண் என் விரலில்தான் இருக்கும்.

மறுநாள் விஜயதசமி. பிள்ளைக்கு எழுத்து, பெண்ணுக்குப் பாட்டு என்று அவரவர் வீட்டில் ஆரம்பிப்பார்கள். நம் வீட்டில் நீங்கள் விண்டோஸ் போடுவீர்கள். வெற்றிலை பாக்கு, சுண்டல், பக்கத்தில் ஒரு பென் டிரைவ்! நான் சிரிப்பேன். நீங்கள் குளித்து விபூதி பூசிக்கொண்டு, உள்ளே மிச்சமிருக்கிற சின்ன டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் யோசிக்காமல் டிலீட், டிலீட் என்று அழித்துப் புதிதாகப் போடுவீர்கள். ஒவ்வொரு வருஷமும் ஹவுராவிலிருந்து விருந்துக்கு வருகிற செல்வம் பக்கத்து ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் பலகையில் இருக்கிற டிஸ்க் பொட்டோடு உள்ளே போகும்.

போன வருஷம் பூஜை கிடையாது. உங்களுக்கு வருஷம் திரும்பவில்லையே. பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் அக்கா போன் செய்தார்.

"ஏ வசந்தி, கொலு, பூசைன்னு ஒண்ணும் ஆரம்பிச்சிராத. ஊர்ல இருக்கிறவங்க நாக்கைப் பிடுங்குத மாதிரி கேப்பாங்க."

"கொலுவெல்லாம் இல்லக்கா. அவங்க மைக்கு, அந்த டிஸ்க்கு, அதுகளை மட்டும் எடுத்து வச்சு ஒரு பொட்டு வைக்கட்டுமா?"

"யாரு வைக்க? நீயா வைக்க?"

நான் போனை வைத்துவிட்டேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எல்லோரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். பத்து விரலும் இருக்கிற கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குங்குமச் சிமிழைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் நான். வாசலில் ஊரே பண்டிகை கொண்டாடிக்கொண்டிருந்தது. நம் ஜன்னலுக்கு நேர் கீழே பந்தல், டாக் மேளம், ஒலிபெருக்கி. நீங்கள் இருந்தால் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள்.

ஆனால் பாருங்கள், பூஜைதான் கூடாது, நல்ல நாள் வேண்டும்! "அண்ணன் விஜயதசமி அன்னைக்குத்தானே மதினி போடுவான். நானும் அன்னைக்கே வந்து போட்டுத் தாரேன். அவன் ஆத்மாவுக்கும் திருப்தியா இருக்கும்" என்றார் உங்கள் தம்பி. பூஜை இல்லாததால் யாரும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. யாரும் டிஸ்க்கை வெளியே எடுக்கவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். உங்களுக்காகத் துக்கம் காத்தோம் இல்லையா, அந்தத் துக்கம்தான் உங்கள் குரலை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டது.

காலையிலேயே வந்துவிட்டார். குளித்து, விபூதி பூசி, அச்சு அசல் உங்களை மாதிரியே வந்து உட்கார்ந்தார். காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அங்கிருந்து அவர் குரல் கேட்டது.

"இந்த டிஸ்க்ல போட முடியாதுன்னு சொல்லுது மதினி."

"முடியாதுன்னா விட்டுருங்க தம்பி. இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்."

"சேச்சே, இது வழக்கமா வர்ற எரர்தான். பார்ட்டிஷன் பழைய முறையில இருக்கு. இப்போ மாத்திட்டாப் போதும்."

செல்போனில் ஏதோ ஒரு வீடியோவில் எவனோ ஒருவன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தான். அவன் சொல்லச் சொல்ல இவர் தட்டினார். கறுப்புத் திரையைத் திறந்து, முதலில் தெரிந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன்' என்று அடித்தார். அவ்வளவுதான். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகியிருக்காது. நான் டம்ளரோடு வெளியே வரும்போது, "சரியாயிருச்சு மதினி! இப்போ ஏத்துக்கிடுச்சு" என்று சிரித்தார்.

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டது இது. உள்ளே இரண்டு டிஸ்க் இருந்தன. பட்டியலில் முதலில் நின்றது உங்கள் பெரிய டிஸ்க். நீங்கள் பழைய மெஷினிலிருந்து அப்படியே கொண்டுவந்து மாட்டியது, அதனால் அது பழைய முறையிலேயே பிரிக்கப்பட்டிருந்தது. அதில் விண்டோஸ் போடப் போனதும், முடியாது என்று மெஷின் மறுத்தது. கீழே இருந்த சின்ன டிஸ்க்கைத் தொட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டிருக்கும். செல்வம் இத்தனை வருஷமும் பார்த்த பட்டியலில் ஒரே ஒரு டிஸ்க்தான் இருந்திருக்கிறது. இன்னொன்று பலகையில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் கணக்கிலேயே இல்லை.

அது முடியாது என்று சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர், போனில் அக்காவையும் சேர்த்து. எங்களில் ஒருவருக்காவது அந்த மெஷினுக்கு இருந்த புத்தி இருந்ததா?

எல்லாம் முடிந்து அழகான படம் ஒன்று திரையில் வந்தது. "வந்து பாருங்க மதினி" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய், "அவங்க ரெக்கார்டிங் எங்க?" என்று கேட்டேன். அங்கே இங்கே தட்டினார். "பழைய விண்டோஸ் அப்படியே இன்னொரு டிரைவ்ல இருக்கு... சி டிரைவ் ரொம்பப் பெரிசா ஆயிருக்கு மதினி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் குரல் இறங்கிவிட்டது. சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் என்னைப் பார்க்காமல், "அண்ணன் எங்கயாவது காப்பி வச்சிருப்பான்" என்றார்.

வைத்திருந்தீர்களா? ஸ்டுடியோவில் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும், ஒரு காப்பி இருந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம், இரண்டாவது காப்பி வேறொரு கட்டிடத்தில் இருக்க வேண்டும் என்று கத்துவீர்களாமே. ஊருக்கெல்லாம் உபதேசம். எவன் எவன் படத்துக்கோ மூன்று காப்பி. உங்கள் சொந்தச் சத்தத்துக்கு ஒன்றே ஒன்று! உங்களை அந்த நிமிஷம் உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது. உலுக்குவதற்கு ஆள் இல்லை.

மேல் வீட்டு அம்மா நார்கேல் நாடுத் தட்டோடு வந்து, "ஷுபோ பிஜோயா" என்று விஜயதசமி வாழ்த்துச் சொன்னார். தேங்காய் உருண்டை. வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அப்போது உங்கள் அசிஸ்டென்ட் தபன்தா போன் செய்தார். உங்களை மணிதா, மணி அண்ணன் என்றும் என்னைப் பௌதி, அண்ணி என்றும் கூப்பிடுகிறவர், வருஷா வருஷம் தசமிக்கு உங்களுக்கு வாழ்த்துச் சொல்லுகிறவர். இந்த வருஷம் எனக்குச் சொல்லலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். நான் அழாமல், நடந்ததை மட்டும் என் அரைகுறை வங்காளியில் சொன்னேன்.

"பௌதி, மெஷின் இன்னும் ஓடுதா? பந்த் கொருன்! எக்குனி!" உடனே அணையுங்கள் என்று அலறினார். ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் புதிது ஏதாவது பழையதன் மேல் எழுதிக்கொண்டே இருக்குமாம். நான் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். "ஷட் டவுன் பண்ணணும் மதினி, அப்படிப் பிடுங்கக் கூடாது" என்றார் செல்வம். பிடுங்கக் கூடாதாம்! கையில் இருந்த பிளக்கை அவர் மேல் எறியாமல் இருந்தேனே, அதற்கே எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

தபன்தா போனை வைக்கும் முன்னால் ஒன்று கேட்டார். "மணிதா இன்ஸ்டால் பண்றப்ப அந்த டிஸ்க்கை எப்பவும் கழட்டி வச்சிருவாரே பௌதி? ஸ்டுடியோவுல எங்களுக்கு முதல் பாடமே அதுதானே. எதுல போடணுமோ அது மட்டும் உள்ள இருக்கணும், மத்ததெல்லாம் வெளிய. இந்தத் தடவை ஏன் கழட்டல?"

ஹாலில் மணைப்பலகை சுவரோரம் சாய்ந்து நின்றது, வெறுமையாக.

நீங்கள் அதைக் கழற்றி வைத்ததை நான் இத்தனை வருஷமும் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது என்ன வேலை? ஸ்டுடியோப் பையன்களுக்கெல்லாம் காரணம் சொன்னீர்கள். எனக்குப் பட்டுத் துணியும் பொட்டும் மட்டும் கொடுத்தீர்கள். நான் கிடர்பூர் ஆபீஸில் கப்பல் கணக்கு பார்க்கிறவள், எனக்கு இது புரியாதா? சொன்னால் பூஜைக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தீர்களா? இல்லை, உங்களுக்கே அது இரண்டாகத் தோன்றவில்லையா? ஜாக்கிரதையாக இருப்பதையும் சாமி கும்பிடுவதையும் ஒரே பலகையில் வைத்தவரிடம் இதைக் கேட்டால், "இருக்கட்டுமே" என்றுதான் சொல்லுவீர்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சாந்தினி மார்க்கெட்டில் கடைகளெல்லாம் லட்சுமி பூஜை முடிந்துதான் திறக்கும் என்றார்கள். அதுவரை டிஸ்க்கைக் கழற்றி அதே பட்டுத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். பீரோவைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே நீங்கள் மூச்சு முட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி ஒரு பிரமை. கடை திறந்ததும் தபன்தா அதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கிவந்து, எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்துக் கொடுத்தார். "தோண்டுறது எல்லாம் நகல்லதான் பௌதி. அசலை இனி தொடவே கூடாது" என்றார். மீதியை நானே செய்தேன். எனக்கு வேறொருத்தரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க இஷ்டமில்லை.

'கிளீன்' என்றால் சுத்தமாக அழிப்பதில்லையாம். நம் பிளாட் வாசலில் எந்த வீட்டில் யார் என்று பலகை இருக்கிறதே, அதைப் பிடுங்கி எறிகிற மாதிரி. ஆட்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். அந்தப் பலகையைத் திரும்ப மாட்டுகிற மென்பொருள்கூட இருக்கிறது. அதோடு போயிருந்தால் அன்று சாயங்காலமே நான் உங்கள் குரலைக் கேட்டிருப்பேன். ஆனால் நம்மவர் பலகையைப் பிடுங்கியதோடு விடாமல், முன்னால் இருந்த வீடுகளை இடித்து அதன் மேல் விண்டோஸைக் கட்டிவிட்டார். நீங்கள் வைத்த பெயர்கள், எந்தக் கோப்பு எங்கே என்ற குறிப்பு எல்லாம் அந்த இடிபாட்டில் போய்விட்டன. இனி ஒவ்வொரு மூலையாகத் துழாவி, ஒலிக்கோப்பு மாதிரித் தெரிவதையெல்லாம் அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான் என்று ஆனது.

அள்ளினேன். வந்தவை எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். எது ஹவுரா, எது கிடர்பூர் என்று திறந்து கேட்டால்தான் தெரியும். தைரியம் வரட்டும் என்று காத்திருந்தவளுக்கு அந்த வசதியும் போயிற்று. ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு, உங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் எண்ணைத் தட்டினேன்.

"ஹவுரா, படகுத் துறை. மழை நின்னாச்சு. பக்கத்துல ஒருத்தர் இருமிக்கிட்டே இருக்கார், பரவாயில்ல."

நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதேன். மேல் வீட்டு அம்மா கீழே இறங்கி வந்துவிட்டார்.

உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? தொடக்கம் இருக்கிற இடத்தை வைத்துத்தான் அந்த மென்பொருள் கோப்பைக் கண்டுபிடிக்கிறது. அதனால் பல கோப்புகளில் உங்கள் ஸ்லேட் முழுசாக வருகிறது. நீங்கள் வெயிலிலும் மழையிலும் நின்று பிடித்த சத்தம்தான் அதற்குப் பிறகு உடைந்துவிடுகிறது. படகுச் சங்கு பாதியில் மீன் மார்க்கெட்டாகிறது, மார்க்கெட் இரைச்சலாகிறது. உங்களுக்கு முக்கியமாக இருந்தது போய், உங்களுக்கு ஒன்றுமில்லாதது எனக்குக் கிடைத்திருக்கிறது. உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு இதில்கூடச் சந்தோஷப்பட முடியவில்லை, ஏனென்றால் வெறும் இரைச்சல் மட்டுமே வந்த கோப்புகளும் நிறைய இருக்கின்றன. அதிலெல்லாம் நீங்கள் என்ன சொல்லியிருந்தீர்கள் என்று யாரைப் போய்க் கேட்பேன்?

நீங்கள் சொல்லுகிற ஸ்லேட்டையே பெயராக வைத்து ஒவ்வொன்றாகச் சேமித்துக்கொண்டு வருகிறேன். 'கிடர்பூர், கேட் வாசல், காத்து ஜாஸ்தி.' 'டிராம் டிப்போ, காலை, நாய் தொந்தரவு.' உங்கள் வாயால் சொன்னதை அப்படியே.

தை பிறந்த பிறகு செல்வம் வந்தார். அதுவரை வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. இளைத்துப் போயிருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "கொஞ்சம் கிடைச்சிருக்குன்னு தபன்தா சொன்னாரு மதினி. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"எதுக்கு? மிச்சத்தையும் சுத்தம் பண்ணவா?" என்றேன். சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு மட்டுமா மதினி போயிட்டான்? எனக்கும் அண்ணன் இல்லையா அவன்? அவன் செஞ்ச மாதிரியே செஞ்சா அவன் இருக்கிற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். அதுக்குத்தான் உக்காந்தேன்."

உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் போய்விட்டார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் புரிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நானும் அன்றைக்கு அவர் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு நொடி நீங்கள்தான் என்று நினைத்தேன். அதனால்தான் அடுப்படிக்குள் ஓடினேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதுவதற்குத்தான் இத்தனையும் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பிடித்த அத்தனை சத்தத்திலும் என் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். ரோஷமாகத்தான் தேடினேன். எவனோ இருமியதற்கு ஸ்லேட்டில் இடம் உண்டு, தெரு நாய்க்கு இடம் உண்டு, கூட இருந்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லையா? போன மாதம் ஒன்று அகப்பட்டது. நம் வீட்டு வராண்டாவில் நின்று மழையைப் பிடித்திருக்கிறீர்கள். தொடக்கத்தில் உங்கள் குரல், சிடுசிடுவென்று.

"வசந்தி, அந்த ஃபேனை நிறுத்து."

உடனே என் குரல், உள்ளேயிருந்து. "வேர்த்துக் கொட்டுது இங்க. சீக்கிரம் முடிங்க."

சுவிட்ச் தட்டுகிற சத்தம். ஃபேன் சுற்றி அடங்குகிறது. நீங்கள் ஒரு மூச்சு விட்டு, "டாலிகஞ்ச், நம்ம வீடு" என்கிறீர்கள். அதற்குப் பிறகு மழை வர வேண்டும். வரவில்லை. அந்த இடத்திலிருந்து கோப்பு முழுக்க இரைச்சல்தான்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் பேசிக்கொண்டது இந்த உலகத்தில் அது ஒன்றில்தான் மிச்சம். அதிலும் என்னைச் சத்தம் போடாதே என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள்! நல்லா இருக்குங்க உங்கள் நியாயம். அதற்கு மட்டும் நான் ஊர்ப் பெயரைச் சேர்க்கவில்லை. 'நம்ம வீடு' என்றே வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு வருஷம் திரும்பிவிட்டது. இதோ நவராத்திரி வரப் போகிறது. உங்கள் அக்காவும் இதைப் படிக்கட்டும்: இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிஸ்க்கைக் கழற்றுவேன். பலகையில் பட்டுத் துணி விரித்து வைப்பேன். மூச்சு விடுகிற ஓட்டையில் படாமல் என் கையால் குங்குமம் வைப்பேன். யார் வைக்க என்று இனி என்னை யாரும் கேட்க வேண்டாம்.

விஜயதசமி அன்று உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்து விண்டோஸ் போடுவேன். முடியாது என்று மெஷின் சொன்னால் கையை எடுத்துவிட்டு, என்ன சொல்லுகிறது என்று இரண்டு தடவை படிப்பேன். அன்றைக்குச் செல்வத்தைச் சாப்பிடக் கூப்பிடுவேன். மீட்டது எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து அவர் கையில் கொடுத்து, ஹவுராவில் அவர் வீட்டில் வைக்கச் சொல்லுவேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது இன்னும் எனக்கு வரவில்லை. இரண்டாவது காப்பி வேறொரு கட்டிடத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். எனக்கு இந்த ஊரில் வேறு கட்டிடம் ஏது?

அவர் சாப்பிட்டு முடித்ததும் 'நம்ம வீடு' கோப்பைப் போடுவேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து கேட்போம். அதற்கு முன்னால் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவேன், நீங்கள் சொல்லாமலே. வேர்த்தால் வேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி, செல்வத்துக்கு இன்னும் மதினி,
வசந்தி
டாலிகஞ்ச்